ஐந்து டிக்கெட் எடுத்தால் மூன்று பேர்தான் நனைவோம்: எந்தத் தண்ணீர்ப் பூங்கா கட்டுப்படியாகும்?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், பீஸ் ரேட். நான் வீட்டிலிருந்தே செக்கிங், பிசிறு வெட்டும் வேலை செய்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 38,000 வரும். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. மே மாதம் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சென்னையில் புதிதாகத் திறந்த வொண்டர்லாவுக்குப் போகலாம், பணம் குறைந்தால் கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கொழுந்தனார் பெங்களூரு என்கிறார். எனக்கு மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரே போதும் என்று தோன்றுகிறது. ஏப்ரலில் 30,000 ரூபாய் சீட்டு கைக்கு வரும். ஆனால் ஜூனில் 80,000 ரூபாய் நகைக்கடனுக்கு வட்டியைக் கட்டி மறுபடி அடகாகத் திருப்பி வைக்க வேண்டும் (வருஷத்துக்கு 9 சதவீத வட்டி), பள்ளிச் செலவும் 12,000 இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய தங்கை காரமடையில். நான் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க மாட்டேன். இந்த நிலைமையில் செலவு செய்வது தப்பா? எங்கே போவது லாபம்?

பதில்: தப்பே இல்லை. வருஷம் முழுக்க மெஷின் முன்னால் குனிந்திருக்கும் வீட்டுக்கு ஒருநாள் தண்ணீர் வேண்டும். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் போகிறபோக்கில் சொன்ன விஷயம்தான். நீங்கள் இறங்க மாட்டீர்கள், அத்தையால் முடியாது. அப்படியானால் ஐந்து டிக்கெட்டுக்குப் பணம் கட்டி மூன்று பேர் நனையப் போகிறீர்கள். பெரும்பாலான பூங்காக்களில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. முதியவர் சலுகை இருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அதனால் பூங்காக்களை ஒப்பிடும்போது டிக்கெட் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திரும்பி வந்து திறக்கும்வரை ஆகும் மொத்தச் செலவை, குடும்பம் உண்மையில் தண்ணீரில் இருக்கும் நேரத்தால் வகுங்கள். இதை நான் நனையும் மணி என்று சொல்வேன். நாலு பேர் தலா நாலு மணி நேரம் விளையாடினால் பதினாறு நனையும் மணி.

உங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். கட்டணம் சீசனுக்குச் சீசன், கிழமைக்குக் கிழமை மாறும் என்பதால் கணக்குக்காக முழு எண்களாக வைக்கிறேன். பக்கத்துப் பூங்காவில் பெரியவருக்கு 1,000, சிறுவருக்கும் முதியவருக்கும் 800. சென்னையில் 1,500, 1,200. (சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தபோது அறிவித்த தொடக்கக் கட்டணம் 1,489 ரூபாய்.) போகும் வாரத்தில் அந்தந்தப் பூங்காவின் தளத்தில் உண்மை விலையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் என்றால் டிக்கெட் 4,600. அவிநாசி, அன்னூர் வழியாக ஐந்து பேருக்கும் போகவர பஸ் 1,000, உள்ளே சாப்பாடு 1,500, லாக்கரும் உடையும் 600. மொத்தம் 7,700. சென்னை என்றால் டிக்கெட் 6,900. ரயில் 3,000, ஒரு ராத்திரிக்கு இரண்டு அறை 3,500. பூங்கா இருப்பது ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். சென்ட்ரலில் இறங்கி அங்கே போகவர வண்டிக்கு 2,500 வையுங்கள். உள்ளேயும் வெளியேயுமாகச் சாப்பாடு 3,000, லாக்கர், உடை 600. மொத்தம் 19,500.

இரண்டையும் உற்றுப் பாருங்கள். சென்னைச் செலவில் டிக்கெட் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அங்கே பத்து சதவீதத் தள்ளுபடி கிடைத்தாலும் மிச்சம் 690 ரூபாய். அறையும் வண்டியும் மட்டும் 6,000. தூரத்துப் பூங்காவுக்கு டிக்கெட் ஆஃபரைத் துரத்துவது, மூட்டையை விட்டுவிட்டுக் கயிற்றுக்குப் பேரம் பேசுகிற மாதிரி.

மூன்று பேர், நாலு மணி நேரம் என்றால் பன்னிரண்டு நனையும் மணி. மேட்டுப்பாளையத்தில் மணிக்கு 642 ரூபாய். சென்னையில் 1,625. கொழுந்தனார் சொல்லும் பெங்களூருவைத் தனியாகப் போட வேண்டியதே இல்லை. அங்குள்ள வொண்டர்லா ஊரைத் தாண்டி மைசூர் சாலையில் பிடதியில் இருக்கிறது, அறையும் வண்டியும் அங்கேயும் வந்து நிற்கும்.

நாலு மணி நேரம்தானா என்று கேட்காதீர்கள். காலையிலேயே கேட் திறந்தாலும், தண்ணீர் விளையாட்டும் ராட்டின வகையும் சேர்ந்த பூங்காக்கள் பலவற்றில் தண்ணீர்ப் பக்கம் நண்பகலை ஒட்டித்தான் திறக்கும், ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். அலைக்குளத்தில் அலை நாள் முழுக்க வராது. மணி அடித்து, பாட்டுப் போட்டு, குறிப்பிட்ட நேரம் மட்டும் விடுவார்கள். சாப்பாடு, வரிசை எல்லாம் போக நாலு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு, அதுவும் வேலைநாளில். மே மாத ஞாயிறு என்றால் நல்ல சறுக்கு ஒவ்வொன்றுக்கும் சூடேறிய படிக்கட்டில் வெறுங்காலோடு நிற்க வேண்டும், இரண்டரை மணி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கம்பெனி ஞாயிறுதானே லீவு, வேலைநாளில் போனால் ஒருநாள் கூலி போகுமே என்பார் உங்கள் கணவர். நியாயமான கேள்வி, அதையும் செலவில் சேர்ப்போம். கூலி 900 என்று வைத்தால் செவ்வாய்க்கிழமைக்கு மொத்தம் 8,600. பன்னிரண்டால் வகுத்தால் 717. ஞாயிறு போனால் 7,700தான், ஆனால் ஏழரை நனையும் மணி. வகுத்தால் 1,027 வருகிறது. ஒருநாள் கூலி போனாலும் செவ்வாய்தான் மலிவு. பல பூங்காக்களில் வேலைநாள் கட்டணமே குறைவு என்பது இதற்கு மேல் கிடைப்பது.

அடுத்து உயரம். டிக்கெட் பெரும்பாலும் வயதை வைத்து இல்லை, கேட்டில் அளவுகோல் வைத்து உயரம் பார்ப்பார்கள். 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கட்டணம் என்பது பரவலான வழக்கம். உங்கள் மகள் தாண்டியிருக்கலாம், அதனால்தான் கணக்கில் அவளைப் பெரியவராகச் சேர்த்தேன். மகன் விஷயம் வேறு. பெரிய சறுக்குகளில் 120 செ.மீ.க்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பல இடங்களில் ஏற்ற மாட்டார்கள். ஏழு வயதுப் பையன் பெரும்பாலும் 115, 120 பக்கத்தில்தான் இருப்பான். சென்னைப் பூங்காவின் பெருமையே தஞ்சோரா என்ற, தலைக்கு மேலே தண்டவாளம் ஓடும் ரோலர் கோஸ்டர். அக்கா அதில் ஏற, இவன் கீழே நின்று அழுவான். அவனோடு நீங்களும் நிற்பீர்கள். 120-க்கும் 140-க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைதான் பூங்காவுக்கு நஷ்டம், பெற்றோருக்கு லாபம். சிறுவர் டிக்கெட் விலையைக் கொடுத்துவிட்டு முக்கால்வாசி சறுக்கிலும் ஏறிவிடுவான். சென்னையை ஒரு வருஷம் தள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அத்தையிடம் நேரடியாகக் கேளுங்கள். பணம் மிச்சம் பிடிக்க வீட்டில் விட்டுவிட்டுப் போவது அழகில்லை. ஆனால் ஈரத் தரையில், ஒலிபெருக்கிச் சத்தத்தில், ஐந்து பேரின் பையைக் காவல் காத்து உட்கார அவர் ஆசைப்படுவாரா? காரமடை மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஊர்தானே. ஒருநாள் முன்னதாகத் தங்கை வீட்டில் விட்டால் ரங்கநாதரைச் சேவிப்பார், தங்கையோடு பேசிக்கொண்டிருப்பார். டிக்கெட் 800, உள்ளே சாப்பாடு 300, இரண்டும் மிச்சம். செலவு 6,600-க்கு இறங்கிவிடும்.

அப்புறம் நீங்கள். முழங்கால் ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி ஆறு என்று ஒன்று இருக்கும், டியூபில் உட்கார்ந்தால் தண்ணீரே இழுத்துப் போகும். ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான், இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்கினால் நனையும் மணி பதினாறு ஆகிறது. கணவரின் கூலியையும் சேர்த்து 7,500-ஐப் பதினாறால் வகுத்தால் 469 ரூபாய். எந்த ஆஃபரும் உங்களுக்கு இவ்வளவு தள்ளுபடி தராது.

இறங்குவதற்கு உடை வேண்டும். பருத்தித் துணியோடு குளத்தில் விடமாட்டார்கள், அதன் பிசிறு வடிகட்டியை அடைத்துவிடும். (பிசிறு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.) தெரியாமல் போகிறவர்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நைலான் உடையை வாடகைக்கோ விலைக்கோ வாங்குவார்கள். பனியன் ஊர்க்காரர் அங்கே போய்த் துணி வாங்கினால் ஊருக்கே அவமானம். காதர்பேட்டையில் பாலியஸ்டர் டீசர்ட்டும் ஷார்ட்ஸும் நாலு செட் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு வரும்.

உள்ளே பணம் கரையும் இடம் ஒன்றைச் சொல்கிறேன், சொந்த அனுபவம். ஒரு பூங்காவில் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டு அதில் பணம் ஏற்றச் சொன்னார்கள், நனைந்த நோட்டோடு அலைய வேண்டாம் என்று. 2,000 ஏற்றினேன். சாயங்காலம் மீதியைத் திருப்பித் தரும் கவுண்டரில் நாற்பது பேர் ஈரத் துண்டோடு நிற்கிறார்கள், ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார். சின்னவள் தோளில் தூங்கிவிட்டாள். பட்டையில் 340 ரூபாய் இருந்தது, விட்டுவிட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்கிறவன் நான். நீங்கள் 500 ஐந்நூறாக ஏற்றுங்கள். லாக்கர் முன்பணத்தை ஐந்து மணிக்கு முன்பே ஒருவர் போய் வாங்கிவிடட்டும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வரி சேர்த்ததா என்றும் பாருங்கள். தண்ணீர்ப் பூங்கா நுழைவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2017-இல் 28 ஆக இருந்தது, 2018 ஜனவரியில் குறைத்தார்கள். 1,500 ரூபாய் டிக்கெட் வரியோடு 1,770 ஆகும், ஐந்து பேருக்கு 1,350 கூடிவிடும். வரிசையைத் தாண்டும் விரைவு டிக்கெட் வேலைநாளில் வேண்டாம். வருஷச் சந்தா மூன்று தடவைக்கு மேல் போகிறவர்களுக்கு.

இனி சீட்டுப் பணம். 30,000-இல் முதலில் நகைக்கடனின் ஒரு வருஷ வட்டி 7,200-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்காவிட்டால் நோட்டீஸ், ஏலம் என்று போகும். பள்ளிக்கு 12,000. மீதி 10,800. மேட்டுப்பாளையத்துக்கு 6,600 போனாலும் 4,200 நிற்கும், அதை நகையின் அசலில் கட்டுங்கள். சென்னைக்குப் போனால் 8,700 குறைகிறது, அதற்குத்தான் உங்கள் கணவர் கார்டை நீட்டுகிறார்.

கார்டு வேண்டாம். பில்லை முழுதாகக் கட்டாமல் நிலுவை வைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம், வருஷத்துக்கு 36 முதல் 45. இஎம்ஐ ஆக மாற்றினால் வட்டி குறையும், ஆனால் செயலாக்கக் கட்டணமும், வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும். வட்டியில்லா இஎம்ஐ என்று டூர் பேக்கேஜ்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி பூஜ்ய வட்டித் திட்டங்களுக்கு 2013-இலேயே தடை போட்டுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவதில் வட்டி உண்டு, விலைத் தள்ளுபடி என்ற பெயரில் அதை ஈடுகட்டிக் காட்டுவார்கள். 9 சதவீத நகைக்கடனை வைத்துக்கொண்டு அதைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்கிச் சறுக்கப் போக வேண்டாம்.

கணவரின் சென்னை ஆசையும் வீண் ஆசை இல்லை. நல்ல பூங்கா, 64 ஏக்கர், 600 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு முடிந்தால் அதற்குக் கட்டிக்கொண்டிருந்த மாதத் தவணை கையில் நிற்கும். அதில் 1,600-ஐ வங்கியில் பன்னிரண்டு மாத ஆர்டியாக (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால், ஆறரை சதவீத வட்டியில் 19,800 சொச்சம் வரும். சுத்தமான கணக்கு பார்த்தால் அந்த 1,600-ம் நகைக்கடனுக்குப் போவதுதான் லாபம், 9 சதவீதம் மிச்சமாகிறதே. ஆனால் ஊர் சுற்றத் தனி உண்டியல் இல்லாத வீடுகளில் கார்டு தானாக வெளியே வந்துவிடுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வித்தியாசம் வருஷத்துக்கு 300 ரூபாய்கூட வராது, பரவாயில்லை. தவணையில் மீந்தது எவ்வளவோ அது நகைக்கு.

ரயிலில் ஒன்று: 5 முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். மகனை உங்களோடு படுக்க வைத்துக்கொண்டால் பாதிதான். அத்தை வந்தாலும் மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான்.

இன்றைக்கு மகனைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், செருப்பில்லாமல். அடுத்த ஏப்ரலில் மறுபடி அளந்து பாருங்கள். 120-ஐத் தாண்டியிருந்தால் சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிடலாம்.