எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் இந்தக் காலத்தில் தனிமையை எப்படிப் பெறுவது?

போனை அணைத்துவிட்டு மொட்டைமாடியில் போய் உட்காருங்கள் என்று பலரும் சொல்வார்கள். நானும் செய்து பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் தாண்டாது. ஊரில் அம்மா கூப்பிட்டிருப்பாளோ, பையனின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். இறங்கி வந்து பார்த்தால் யாரோ அனுப்பிய காலை வணக்கம் படம் இருக்கும். மறுபடி மாடிக்குப் போகத் தோன்றாது.

எனக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அது தப்பு என்று 2019ல்தான் புரிந்தது. அந்த வருடம் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில், தம்ம சேது மையத்தின் 10 நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். முதல் நாளே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகமும் பேனாவும்கூடக் கூடாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், 4.30க்குத் தியானம், 11 மணிக்கு மதியச் சாப்பாடு, இரவு 7 மணிக்கு, இந்தத் தியானத்தைக் கற்பித்த ஆசிரியர் கோயங்காவின் உரை ஒலிப்பதிவு. பத்தாம் நாள் வரை சக பயிற்சியாளர்களிடம் பேச்சு மட்டுமல்ல, சைகைகூடக் கிடையாது. கட்டணம் இல்லை. ஏற்கெனவே முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. (மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். இது எல்லாருக்குமான பயிற்சி இல்லை.)

நாலாம் நாள் மதியம், பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தோழியோடு போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. வெளியில் இருந்திருந்தால் அதன் முதல் வரியிலேயே போனைத் திறந்திருப்பேன். அங்கே திறக்க எதுவும் இல்லை. அவள் சொன்னது, நான் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது எல்லாம் கடைசிவரை ஓடி முடிந்தது. அழுதேன். அன்றைக்குத்தான் அந்தச் சண்டையில் என் பங்கு எனக்குத் தெரிந்தது. தனிமை என்றதும் மலை, அருவி, அமைதி என்று கற்பனை செய்கிறோம். எனக்குக் கிடைத்தது ஒரு நினைவை முடிவுவரை பார்க்கிற அவகாசம். அது சுகமாகவும் இல்லை.

அந்த 10 நாளும் அம்மாவைப் பற்றிய பதற்றம் வரவேயில்லை. ஏன்? மைய அலுவலகத்தின் எண் என் தம்பியிடம் இருந்தது. நிஜமான அவசரம் என்றால் என்னை வந்து கூப்பிடுவார்கள். மற்ற எதற்கும் நான் கிடைக்க மாட்டேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருடம் எனக்கு இல்லாமல் போனது அந்த ஏற்பாடுதான்.

திரும்பி வந்ததும் அதையே வீட்டில் செய்தேன். ஞாயிறு மதியம் 3 முதல் 5 வரை போன் ‘டூ நாட் டிஸ்டர்ப்’பில் இருக்கும். ஆண்ட்ராய்டில் அதற்குள் ஒரு வசதி உண்டு: ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மட்டும் மணி அடிக்கும். அம்மாவிடம், “அவசரம்னா ரெண்டு தடவை அடிம்மா” என்று சொல்லிவைத்தேன். வாட்ஸ்அப்பில் நீல டிக்கையும் நிறுத்தினேன். ஆனால் குழுக்களில் அதை நிறுத்த முடியாது. அதனால் அதை நம்பி இருக்காதீர்கள். வாயால் சொல்லிவைப்பதுதான் வேலை செய்கிறது.

சொல்வது பெண்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். தனியாக இருக்கணும் என்றாலே “என்ன ஆச்சு, யாரோட சண்டை?” என்பார்கள். எனக்கும் அதே கேள்வி வந்தது. ஆனால் விடியற்காலையில் அம்மா கோலம் போடும் அரைமணி நேரம் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாகூட காபிக்குக் காத்திருப்பார். அதை நான் ஞாபகப்படுத்தியதும் அம்மா வேறெதுவும் கேட்கவில்லை.

ஒருமுறை அவள் இரண்டாவது தடவை அடித்தாள். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். உடனே எடுத்தேன், அன்றிரவே ஊருக்குக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்குமே இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

போன ஞாயிறு 3.40க்கு ஒரே ஒரு அழைப்பு வந்திருந்தது. 5 மணிக்குக் கூப்பிட்டேன். “மாவடு போட்டிருக்கேன், உனக்கு எவ்வளவு அனுப்பட்டும்னு கேக்கத்தான். பழக்கத்துல அடிச்சுட்டேன், அப்புறம் மணியப் பார்த்துட்டு விட்டுட்டேன்” என்றாள்.