எச்ஐவிக்கு ஏஆர்டி என்ற கூட்டு மருந்து எடுத்து இரண்டு வருடம் ஆகியும் சிடி4 200-ஐத் தாண்டவில்லை. எதிர்ப்பு சக்தி இனிமேல் திரும்புமா?

வயது 39, சிகிச்சை தொடங்கும்போது சிடி4, அதாவது எதிர்ப்பு சக்திக்கான வெள்ளை அணுக்களின் எண், 48, இப்போது 196, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு இரண்டு முறையும் டிஎன்டி, அதாவது கருவிக்கே தெரியாத அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், எண்ணை ஏற்றித் தருவதாக ஒருவர் 18,000 ரூபாய்க்கு லேகியம் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. தம்பி, வாங்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவன். வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் பெயர் போடவில்லை. தைரியம் இருந்தால் பெயரோடு எழுது என்று சொல்ல வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசியுங்கள். எனக்கு எப்படி வந்தது என்பதையும் எழுதப்போவதில்லை. கேள்வி அது இல்லை.

2011 ஆனி மாதம், கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. சாயங்காலமானால் காய்ச்சல். 61 கிலோ இருந்தவன் 44 கிலோவுக்கு வந்திருந்தேன். நெறிகட்டி டிபி என்றார்கள், கூடவே எச்ஐவி என்றும் சொன்னார்கள். சிடி4 63. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டிய எண். முதலில் டிபி மருந்து, மூன்று வாரம் கழித்து ஏஆர்டி.

முதல் பத்துப் பதினைந்து நாள் ராத்திரியெல்லாம் கனவு. அப்போது கொடுத்த எஃபாவிரன்ஸ் அப்படித்தான் செய்யும். ஆனால் பசி வந்துவிட்டது. ரசம் சோற்றை இரண்டாம் தடவை கேட்டேன் என்று வீட்டில் அழுதார்கள். அப்புறம் நான்காவது வாரம் கழுத்துக் கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, மேல்தோல் சிவந்து பளபளக்க ஆரம்பித்தது. காய்ச்சல் 103. மாத்திரைதான் என்னைக் கொல்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். நான்கு நாள் மாத்திரையை வாயில் போட்டு, மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் சாக்கடையில் துப்பினேன். ஐந்தாம் நாள் அவள் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்து ஏஆர்டி சென்டருக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "வீட்டுக்குள்ள திருடன் முன்னாடியே இருந்தான்ப்பா. நாய் பட்டினி கிடந்து குரைக்கத் தெம்பில்லாம படுத்திருந்துச்சு. இப்ப நாலு வாரமா சோறு கிடைச்சிருக்கு, எழுந்து குரைக்குது. சத்தம் தாங்கலைன்னு நாயை அடிப்பியா?"

அதற்குப் பெயர் ஐரிஸ். டிபி கிருமி முன்பே உள்ளே இருக்கிறது. சக்தி இல்லாத உடம்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏஆர்டியால் சக்தி திரும்பியதும் அடையாளம் கண்டு சண்டைக்குப் போகிறது. வீக்கமும் காய்ச்சலும் அந்தச் சண்டைதான். எனக்கு ஊசி வைத்து இரண்டு முறை சீழ் எடுத்தார்கள், வீக்கம் தணிய சில வாரம் பிரட்னிசோலோன் கொடுத்தார்கள், ஏஆர்டியை அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. சவரம் செய்யும்போது அந்தத் தழும்பில் விரல் படும். எதிர்ப்பு சக்தி திரும்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தழும்பு வழியாகத்தான்.

சரி, எண்ணுக்கு வருகிறேன். என் பச்சை நோட்டில் இருப்பது இது: 63, ஆறு மாதத்தில் 152, பிறகு 171, 204, 198, 226. அதோடு வெகுநாள் நின்றுவிட்டது. என்னோடு அதே மாதம் 310-இல் ஆரம்பித்த ஒரு பையன் இரண்டே வருடத்தில் 700 தாண்டினான். வரிசையில் நிற்கும்போது "அண்ணே, உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்பான். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் 2014-இல் நானும் லேகியம் வாங்கினேன். 11,500 ரூபாய், மனைவியின் கம்மல் அடகில். இங்கிலீஷ் மருந்து சூடு, மூன்று மாதம் நிறுத்திவிட்டுச் சாப்பிடு என்றான் விற்றவன். நிறுத்த விடாமல் பிடித்துக்கொண்டது அவள்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வந்ததுதான் மேலே இருக்கும் 198.

ஏன் ஏறுவதில்லை என்று பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு மூன்று மாதம் எண் வேகமாக ஏறும். அதில் பெரும்பகுதி புதிதாகப் பிறந்த செல்கள் அல்ல. வைரஸ் அடங்காமல் இருந்தபோது நெறிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில், சிக்கிக் கிடந்தவை, அங்கே அழற்சி தணிந்ததும் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. அதற்குப் பிறகு புதிய செல்கள் உருவாக வேண்டும். அதற்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி வேண்டும். அது சிறு வயதில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகும். பல வருடம் வைரஸ் இருந்ததில் நெறிகளுக்குள் தழும்பு விழுந்து, செல்கள் தங்கி வளர இடமும் குறைந்துபோயிருக்கும். அதனால் 48-இல் தொடங்கியவரும் 310-இல் தொடங்கியவரும் ஒரே ஓட்டம் ஓட முடியாது. வைரஸ் அடங்கிய பிறகும் சிடி4 சரியாக ஏறாதவர்கள், எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 15 முதல் 30 சதவீதம் வரை இருக்கிறார்கள். நீங்கள் தனியாள் இல்லை. அதோடு ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு எண், சாயங்காலம் ஒரு எண் வரும், சளி பிடித்திருந்தால் இன்னும் இறங்கும். எண் ஒரு தடவை பத்துப் பதினைந்து இறங்கியதற்கெல்லாம் தூக்கத்தை விட வேண்டியதில்லை.

லேகியக்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. இன்டர்லூகின்-2 என்ற ஊசியைப் பெரிய அளவில் இரண்டு ஆய்வுகளில் சோதித்தார்கள், மொத்தம் 5,800 பேருக்கு மேல். 2009-இல் முடிவு வெளிவந்தது. ஊசி போட்டவர்களுக்கு சிடி4 எண் உண்மையாகவே ஏறியது. ஆனால் நோய் வருவதும் இறப்பதும் குறையவில்லை. எண்ணை மட்டும் ஏற்றிவிட்டால் சக்தி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, நிலவேம்புக் கசாயம் குடித்து வளர்ந்தவன்தான். நீங்கள் இப்போது எடுப்பது டோலுடெகிராவிர் உள்ள மாத்திரையாக இருந்தால் இதையும் கவனியுங்கள்: வெறும் வயிற்றில் சுண்ணாம்புச் சத்தோ இரும்புச் சத்தோ அதனோடு சேர்ந்து போனால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். சங்கு பற்பம் சுண்ணாம்புச் சத்து, அயச்செந்தூரம் இரும்பு. அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்?

எங்களுக்கு இந்த எண் பைத்தியம் பிடித்ததற்கும் காரணம் இருந்தது. 2018 வரைக்கும் அரசு சென்டர்களில் வைரல் லோடு எல்லோருக்கும் வழக்கமாகப் பார்க்கவில்லை. சிடி4 ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த மார்க். எனக்கு வைரல் லோடு முதல் தடவை பார்த்தபோது சிடி4 238, வைரல் லோடு டிஎன்டி. ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றேன். என்னோடு மிஷினில் நின்ற ஒருவர் இதே நோயில் 2002-இல் போய்விட்டார். இலவச ஏஆர்டி தொடங்கியதே 2004 ஏப்ரலில்தான். அவருக்கு சிடி4 எவ்வளவு என்று யாரும் பார்க்கக்கூட இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் முன்பு கடைவாய்ப் பல் வலி. தனியார் பல் மருத்துவரிடம் போனேன். மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று நானே உண்மையைச் சொன்னேன். உடனே மிஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் ரிப்பேர். எனக்குப் பின்னால் வந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவம் மறுக்கக்கூடாது என்று 2017-இல் சட்டமே போட்டு, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இருபது நிமிடத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், எல்லோருக்கும் போடுகிற அதே கையுறையோடு. உண்மையைச் சொன்ன குற்றத்துக்கு இரண்டு வாரம் வலியோடு மிஷினில் நின்றேன், அதுவும் காலண்டர் சீசனில். இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 200-க்குக் கீழே இருக்கிறீர்கள், அதனால் வேறு தொற்று வராமல் காக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை என்று சென்டரில் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். அவசரத்தில் இல்லை இல்லை என்று தலையாட்டாமல் நின்று பதில் சொல்லுங்கள். டிபி தடுப்பு மாத்திரை முடித்தீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போன தடவை 287. பதினான்கு வருடத்தில் வந்த எண் அவ்வளவுதான். எடை 64, வேலைக்குப் போகிறேன், அந்த டிபிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை.

லேகியத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போனது போகட்டும், மீதியைக் கட்டாதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவை அப்படியே சென்டருக்கு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். என் டப்பாவைக் காட்டியபோது அந்த அம்மா திட்டவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கம்மலை மீட்டாச்சா என்றுதான் கேட்டார்.