இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன விருந்து

கேள்வி: வெளிநாட்டவர் வீட்டுப் பண்டிகை விருந்தில் சாப்பிட்டிருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் சாப்பிட்டதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் இருந்தபோது, கூட வேலை பார்த்த நண்பர் டிசம்பர் 24 இரவு தன் பாட்டி வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. முன்கூட்டியே "கார்னே சாப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கார்னே என்றால் இறைச்சி. "அட, அன்றைக்கு எங்கள் வீட்டிலும் யாரும் தொட மாட்டோம்" என்றார். நம்மூர் புரட்டாசிச் சனி மாதிரி போலிருக்கிறது என்று நிம்மதியாகக் கிளம்பினேன்.

அங்கே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இறைச்சியைத் தவிர்ப்பது கத்தோலிக்க வழக்கம். அவர்கள் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. அதனால் மேஜை முழுக்கக் கடல்தான். மட்டி போட்ட ஸ்பகெட்டி வந்தது. உப்புக்கண்டமாக வாங்கி, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பொரித்த பக்கலா என்கிற காட் மீன் வந்தது. பிறகு கப்பிதோனே, அதாவது பெரிய பெண் விலாங்கு. இதை உயிரோடு வாங்கி வந்து வீட்டில்தான் வெட்டுவார்களாம். பார்க்கப் பாம்பு மாதிரி இருப்பதால், ஏதேன் தோட்டத்துப் பாம்பைத் தின்று தீர்க்கிறோம் என்று ஒரு நம்பிக்கை. எனக்கோ பொரித்த துண்டுகளைப் பார்த்தபோதே கொஞ்சம் கலங்கியது.

சரி, காலிஃபிளவர் சாலட் இருக்கிறதே என்று கையை நீட்டினேன். இன்சலாத்தா தி ரின்ஃபோர்ட்சோ என்று பெயர். வேகவைத்த காலிஃபிளவர், ஆலிவ், வினிகரில் ஊறிய குடைமிளகாய், நடுநடுவே நெத்திலி. தீரத் தீர மேலே சேர்த்துப் புத்தாண்டு வரை ஓட்டுவார்கள். கீரை அடைத்த பீட்சா ஒன்றும் இருந்தது. அதிலும் நெத்திலி, உருகிப் போய்க் கண்ணுக்கே தெரியாமல்.

பாட்டி என் காலித் தட்டைப் பார்த்துவிட்டார். "மீனும் சாப்பிட மாட்டானா? உடம்புக்கு என்ன?" என்று பேரனிடம் கேட்டார். நண்பர் கைகளை ஆட்டி ஆட்டி நெடுநேரம் விளக்கினார். பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் எழுந்து அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பூண்டும் வரமிளகாயும் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தது. ரசத்துக்குத் தாளிக்கிற அதே வாசனை! ஒரு தட்டு நிறைய ஸ்பகெட்டியை அதில் புரட்டிக் கொண்டுவந்து, நான் முதல் வாய் வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகச் சாப்பிட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அப்புறம் ஸ்ட்ருஃபோலி: சீடை அளவு மாவு உருண்டைகளைப் பொரித்து, தேனில் புரட்டி, வண்ண மிட்டாய் தூவிக் குவித்திருந்தார்கள். சில வீடுகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே வெண்ணெய்தான். கை ஓயவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தொம்போலா. நம்ம ஹவுசி மாதிரி, 90 எண்கள், அட்டையில் மூடிவைக்க உலர்ந்த பீன்ஸ் கொட்டைகள். எண்ணைச் சொல்லாமல் அதன் பட்டப்பெயரைக் கூவுவார்கள். 22 பைத்தியக்காரன், 47 செத்தவன், 48 பேசுகிற செத்தவன், 90 பயம். எனக்கு இத்தாலிய எண்களே தடுமாற்றம், இதில் பட்டப்பெயர் வேறு! பக்கத்தில் இருந்த குட்டிப் பெண்தான் என் அட்டையையும் சேர்த்து ஆடினாள். நள்ளிரவில் அவளே எழுந்துபோய், அதுவரை காலியாக இருந்த குடிலில் குழந்தை இயேசுவை வைத்தாள்.

கிளம்பும்போது பாட்டி ஒரு டப்பாவைக் கையில் திணித்து, "மீன் இல்லை, மீன் இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே காலிஃபிளவர் சாலட். நெத்திலியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருந்தார். ஒன்றே ஒன்று மட்டும் தப்பி, ஆலிவுக்கு அடியில் கிடந்தது.