ஸ்டோர் அண்ணனின் நோட்டு

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஐடி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் பெருஞ்செலவு செய்து, கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் போட்டோம். "தகவலும் தொழில்நுட்பமும் நம் சொத்து" என்று எம்டி ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்கிறார். அந்தச் சொத்துக்கு எப்படி மதிப்புப் போடுவது? சர்வரை உள்ளேயே வைத்துக்கொள்வதா, கிளவுடுக்குப் போவதா? இன்னொன்று, ஸ்டோரில் இருக்கும் அண்ணன் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். அவர் போனபிறகுதான் சிஸ்டம் ஒழுங்காக ஓடும் என்று நினைக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

எங்கே வைத்தாலும் மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பேக்கப் எடுத்தால் போதாது, அவ்வப்போது அதிலிருந்து மீட்டும் பாருங்கள். சர்வர் பற்றிய பேச்சு அவ்வளவுதான். மதிப்புப் போடுவதை ஆடிட்டரிடம் விடுங்கள். கம்பெனி தானே திரட்டிய வாடிக்கையாளர் பட்டியலைக்கூட பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரநிலை 38 இடம் தருவதில்லை.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். படித்ததும் கோபம் வந்தது. அந்த நோட்டை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீர்களா?

என் அப்பா ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர். நீளவாக்கில் மடிக்கும் பேரேட்டில் எழுதுவார். வரவு, செலவு, இருப்பு எல்லாம் நீல மையில். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள். ஒரு குறிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "6205 பேரிங் — தகடு மூடி வாங்க வேண்டாம், ரப்பர் மூடி மட்டும். கார்டிங்கில் பஞ்சு உள்ளே போகிறது." கார்டிங் என்பது பஞ்சைச் சீவும் பிரிவு. பேரிங்கின் தகடு மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, ரப்பர் மூடி ஒட்டி நிற்கும். அவர் ஓய்வுபெற்ற பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் நீல மையை மட்டும் ஏற்றினார்கள். "பேரிங் 6205" என்று ஒரு வரி, பக்கத்தில் எண்ணிக்கை. கொள்முதல் பிரிவு விலை குறைந்ததை வாங்கியது. அது தகடு மூடி. ஏன் அடிக்கடி பேரிங் போகிறது என்று கேட்டு மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் வீட்டுக்கு வந்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அவர் வேலையில் இருந்தவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

சிறிய ஆலையின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்க அணு ஆயுதத் துறைக்கே இது நடந்திருக்கிறது. கொஞ்ச நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. டபிள்யூ76 என்ற ஏவுகணைக் குண்டுக்குள் ஃபாக்பேங்க் என்றொரு பொருள் உண்டு. அது என்ன என்பது இன்றும் ரகசியம். 1975 முதல் 1989 வரை டென்னசியில் ஓக் ரிட்ஜ் ஆலையில் செய்தார்கள், பிறகு அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். குண்டுகளைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது செய்முறை தெரியவில்லை. பதிவுகள் மிகக் குறைவு, தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2009-இல் எழுதியது. கூடுதல் செலவு 6.9 கோடி டாலர், குறைந்தது ஒரு வருடத் தாமதம்.

இதில் என்னை உலுக்கிய இடம் வேறு. புது ஆலை கட்டி, பழைய செய்முறையை அப்படியே பின்பற்றியும் சரக்கு சரியாக வரவில்லை. கடைசியில் தெரிந்தது: பழைய மூலப்பொருளில் ஒரு கலப்படம் இருந்திருக்கிறது, அது அவசியமான கலப்படம். புதுமுறைச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிட்டது. முன்பு செய்தவர்களுக்கே அது இருந்ததும் தெரியாது, அதனால்தான் சரக்கு சரியாக வந்தது என்பதும் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், க., அண்ணனிடம் "தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு எக்செல் படிவத்தை நீட்டாதீர்கள். தனக்கு என்ன தெரியும் என்று அவராலேயே பட்டியல் போட முடியாது. சரக்கு வந்து இறங்கும்போது எந்தப் பெட்டியை முதலில் பிரிக்கிறார், எந்த சப்ளையரின் இம்பெல்லரை, அதாவது பம்ப்புக்குள் சுழலும் சக்கரத்தை, கையில் வாங்கிச் சுற்றிப் பார்க்கிறார், எதைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறார்? பக்கத்தில் நின்று பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். சில சமயம் அவர் "சும்மாதான்" என்பார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனியில் ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழ் மாட்டியிருப்பார்கள். அந்தத் தரத்தின் 2015 பதிப்பில் 7.1.6 பிரிவைப் படியுங்கள். நிறுவனம் இயங்கத் தேவையான அறிவு எது என்று கண்டறிந்து காப்பாற்ற வேண்டும் என்கிறது. அந்த அறிவு கிளம்பிப் போகும் நாளுக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள். நல்ல பிள்ளை நீங்கள், கடிதத்திலேயே தெரிகிறது. வேலை சுத்தமாக நடக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அப்படி எழுதிவிட்டீர்கள்.

எம்டியிடம் போய், மார்ச் வரை தினமும் அரைநாள் ஸ்டோரில் நிற்க அனுமதி கேளுங்கள். ஈஆர்பியில் ஒவ்வொரு பொருளின் விவரமும் இருக்கும் ஐட்டம் மாஸ்டரில் குறிப்பு எழுத ஒரு கட்டம் காலியாக இருக்கும். அவர் சொல்வதை அதில் அவர் பெயரோடு, தேதியோடு ஏற்றுங்கள். ரிட்டயரான பிறகும் ஒரு வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் அவரை வரச் சொல்லுங்கள். அதற்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு சால்வையோடு முடித்துவிட வேண்டாம்.

அன்புடன்