காய்ச்சல் போய்விட்டது, இருமல் ஏன் போகவில்லை?

கேள்வி: முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தாலே பெரிய விஷயம். கொரோனாவுக்கு அப்புறம் வீட்டில் மாற்றி மாற்றி யாராவது படுத்துக்கொண்டே இருக்கிறோம், இருமல் வந்தால் வாரக்கணக்கில் போவதில்லை. எதிர்ப்பு சக்தியே போய்விட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: போகவில்லை. கொரோனா கடுமையாக வந்த சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் சில மாதங்கள் மாற்றம் தெரிந்தது உண்மைதான், அதற்காக ஊரில் எல்லோருக்கும் எதிர்ப்பு சக்தி காலி என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

நடந்தது வேறு. 2020, 2021-இல் மாஸ்க், பூட்டிய பள்ளிக்கூடம், ஓடாத பஸ் என்று இருந்ததில் மற்ற சளிக்கிருமிகளும் ஆள் கிடைக்காமல் ஒடுங்கிவிட்டன. ஃப்ளூவில் பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்குமே உறுதியாகவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்ததே 2021 நவம்பரில்தானே, அதுவரை வீட்டிலேயே இருந்த பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டிய சளியை மொத்தமாக வாங்கி வந்து தாத்தா பாட்டி வரைக்கும் பங்கு வைத்தார்கள். போதாததற்குக் கொரோனாவும் போகாமல், வந்து போகும் கிருமிகளில் ஒன்றாகத் தங்கிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது கொரோனாவுக்கு முன்பும் சகஜம்தான், அப்போது யாரும் எண்ணவில்லை.

இருமலுக்கு வருவோம். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோதே இந்திய மருத்துவச் சங்கம் சொன்னது: காய்ச்சல் மூன்று நாளில் விடும், இருமல் மூன்று வாரம்கூட இருக்கலாம். கிருமி போன பிறகும் மூச்சுக்குழாய் புண்பட்டுக் கிடக்கும், தூசியோ ஏசி காற்றோ பட்டால் இருமும், அவ்வளவுதான். நம் ஆட்களோ ஐந்தாம் நாளே மெடிக்கல் ஷாப்பில் நின்று "அந்த மூணு நாள் மாத்திரை குடுங்க" என்று அசித்ரோமைசின் வாங்குகிறார்கள். அது பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக், வைரஸுக்கு வேலை செய்யாது. இருமல் தானாக நின்றாலும் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். இப்படி விழுங்க வேண்டாம் என்றும் அதே சங்கம் அப்போதே சொன்னது. எதிர்ப்பு சக்தி டானிக்குக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், காசநோய்க்கான அந்தச் சோதனை இலவசம். சாயங்காலக் காய்ச்சலோ எடைக் குறைவோ சளியில் ரத்தமோ இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் அடிக்கடி வருகிறது என்றால் அவருக்குச் சர்க்கரையும் பாருங்கள்.