பழைய மின்பாதையை மாற்றுகிறார்கள்: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் வயல்கள் வழியே போகும் பழைய உயரழுத்த மின்பாதையை எடுத்துவிட்டு, அதைவிடத் திறன் கூடிய ஒன்றை அமைக்கப் போகிறார்கள். விரைவில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவிருக்கிறது. நிலத்தடி கேபிளாகப் போடச் சொல்லலாமா? உடல்நலத்துக்குக் கெடுதல் உண்டா? வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: எடுத்த எடுப்பில் ஒன்றைக் கேளுங்கள்: வழித்தடம் முடிவாகிவிட்டதா, இன்னும் இல்லையா? வரைபடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது என்றால், நடப்பது கருத்துக்கேட்பு அல்ல, அறிவிப்பு. எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது, சுற்றுச்சூழல் முடிவுகளில் பொதுமக்கள் பங்கேற்பது பற்றிய 1998ஆம் ஆண்டின் ஆர்ஹஸ் உடன்படிக்கை. அதில் சேர்ந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள்தான். ஆனாலும் அந்த அளவுகோல் எந்த ஊருக்கும் பொருந்தும். பரிசீலித்துக் கைவிட்ட வழித்தடங்களையும் அதற்கான காரணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, கோபுரங்களை மாற்றத்தான் வேண்டுமா? மின்னோட்டம் கூடக்கூடக் கம்பி சூடேறி, நீண்டு, தொய்யும். தரைக்கும் கம்பிக்கும் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துபோகும். பல பழைய பாதைகளின் திறனுக்கு வரம்பு போடுவது இந்தத் தொய்வுதான். சூட்டிலும் அதிகம் தொய்யாத, கார்பன் இழை நடுப்பகுதி கொண்ட கம்பிகள் இப்போது இருக்கின்றன. இருக்கும் கோபுரங்களிலேயே அவற்றைக் கட்டி, ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டத்தைக் கொண்டுபோக முடியும். கோபுரங்கள் துருவேறியிருந்தாலோ பாதை மிக நீளமாக இருந்தாலோ இது சரிவராது. மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு: அதே மின்திறனை இரு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், அதே கம்பியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகக் குறையும்.

நிலத்தடி கேபிள் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மாறுதிசை மின்சாரத்தில் (ஏசி), கேபிள் நீள நீள அதன் திறனில் ஒரு பகுதியைக் கேபிளே விழுங்கிவிடும். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சில சமயம் வாரங்கள் ஆகும். அகழிக்கு மேல் ஆழமாக வேர்விடும் மரம் வைக்க முடியாது. ஜெர்மனியின் சூட்லிங்க் திட்டம் சுமார் 700 கிலோமீட்டர் நிலத்தடியில் போவது, இந்தச் சிக்கல் இல்லாத நேர்திசை மின்சாரப் (டிசி) பாதை என்பதால்தான். முழுப் பாதைக்கும் கேட்பதைவிட, வீடுகளையும் பள்ளியையும் ஒட்டிய பகுதிக்கு மட்டும் கேட்டால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

உடல்நலம் பற்றிய உங்கள் அச்சத்தை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல், மின்பாதைகளைச் சுற்றி உருவாவது போன்ற காந்தப்புலங்களை ‘புற்றுநோய் ஏற்படுத்தக்கூடியதாக இருக்கலாம்’ என்ற 2பி வகையில் சேர்த்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குறித்த ஆய்வுகளில் பலவீனமான ஒரு தொடர்பு தென்பட்டதே காரணம். இதனால்தான் அது வருகிறது என்று நிறுவப்படவில்லை. பொதுமக்களுக்கான சர்வதேசப் பரிந்துரை வரம்பு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). பாதையிலிருந்து விலக விலகப் புலம் வேகமாகக் குறையும். எனவே “பாதுகாப்பானதா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். முழுச் சுமையில் மிக அருகிலுள்ள வீட்டில் எத்தனை மைக்ரோடெஸ்லா இருக்கும் என்று கேளுங்கள். கணக்கிட்டுச் சொல்லக்கூடிய எண் அது.

வயலில் தினமும் எதிர்ப்படும் ஆபத்துகள் வேறு. மின்பாதைக்கு இணையாக நீளும் கம்பி வேலியில் மின்சாரம் தூண்டப்படும். தொட்டால் சுரீரென்று அடிக்கும். எந்தெந்த வேலிக்கு எர்த் போடுவது, யார் போடுவது? நீளமான அலுமினியப் பாசனக் குழாயைக் கம்பிக்கு அடியில் செங்குத்தாகத் தூக்குவது உயிரைப் பறித்துவிடும். உங்கள் ஊரில் ஓடும் மிக உயரமான அறுவடை இயந்திரத்தின் உயரத்தைச் சொல்லி, இடைவெளி போதுமா என்று கேளுங்கள். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து மீண்டும் பரப்புவார்களா, பழைய கோபுரத்தின் அஸ்திவாரத்தை ஏர் இடறாத ஆழம்வரை பெயர்த்தெடுப்பார்களா என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பெரிய மின்பாதை தலைக்கு மேலே போவதாலேயே வீட்டு விளக்கு பிரகாசமாக எரியாது. அந்த மின்சாரம் துணை மின்நிலையத்தில் இறங்கி, விநியோகக் கம்பிகள் வழியாகத்தான் உங்களிடம் வரும். அருகில் துணை மின்நிலையம் வருகிறதா, விநியோகக் கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் இதே திட்டத்தில் மேம்படுமா? இல்லை என்றால், சுமக்கும் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். நான் கூட்டத்தில் இருந்தால் அதிக நேரம் இதில்தான் செலவிடுவேன்.

செயற்கைக்கோள் படத்தில் தெரியாததை ஊர்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் பள்ளம், தூர்ந்த கிணறு, பறவைகள் கூட்டமாகத் தாழப் பறக்கும் தடம், இறந்தவர்களைப் புதைத்த இடம் எல்லாவற்றையும் கூட்டத்துக்கு முன்பே ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். குத்தகைக்குப் பயிரிடுவோரையும் மேய்ச்சல்காரர்களையும் உட்காரவைத்துக் குறியுங்கள். நில உரிமையாளர்களுக்கு மட்டுமே அழைப்பு போய்விடுவது வழக்கம். நகல் ஒன்றில், பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.