துருப்பிடித்த டிஷ்வாஷர் ரேக்கை நீங்களே மாற்றலாம்

கேள்வி: எங்கள் டிஷ்வாஷர் வாங்கி எட்டு வருடம் ஆகிறது, இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கீழ் ரேக்கில் நிறைய இடத்தில் பூச்சு உரிந்து துரு தெரிகிறது, இரண்டு கம்பிகள் ஒடிந்தே விட்டன. மேல் ரேக்கில் ஒரு வீல் அடிக்கடி கழன்று விழுகிறது. இரண்டு ரேக்கையும் வாங்கி நானே மாற்றிவிடலாமா, இல்லை மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: மெக்கானிக் வேண்டாம், தாராளமாக நீங்களே செய்யலாம். வயர் எதையும் பிரிக்கப் போவதில்லை, தண்ணீர்க் குழாயைக் கழற்றப் போவதில்லை. ஆனால் இரண்டு ரேக்கையும் சேர்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கீழ் ரேக்கை மாற்றத்தான் வேண்டும், மேல் ரேக்குக்குப் பெரும்பாலும் வீல் மட்டும் போதும்.

கீழ் ரேக் ஏன் தேறாது என்று சொல்கிறேன். ரேக் என்பது ஸ்டீல் கம்பி, அதன்மேல் பிவிசி அல்லது நைலான் பூச்சு, அவ்வளவுதான். கம்பியின் முனையில் பாத்திரம் இடித்து இடித்துப் பூச்சு தேய்கிறது, கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் விரிசல் விடுகிறது, அதற்குள் சுடுநீரும் சோப்பும் போய்த் தங்கிவிடுகின்றன. துரு உள்ளுக்குள்ளேயே பரவும், வெளியே ஒரு புள்ளி தெரிகிறபோது பூச்சுக்குக் கீழே அதைவிட அதிகமாக அரித்திருக்கலாம். முனைகள் மட்டும் போயிருந்தால் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ரேக்குக்கென்றே விற்கும் வினைல் பூச்சைத் தடவி, மேலே ரப்பர் மூடியைச் செருகி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். (சாதாரண பெயின்ட், நெயில் பாலிஷ் எல்லாம் வேண்டவே வேண்டாம், சூட்டிலும் சோப்பிலும் உரிந்து வந்துவிடும்.) உங்கள் ரேக்கில் கம்பி ஒடிகிற அளவுக்குப் போய்விட்டது, அப்படியானால் மற்ற கம்பிகளும் அதே நிலையில்தான் இருக்கும்.

ஒடிந்த அந்த இரண்டு துண்டுகளும் கைக்குக் கிடைத்தனவா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அவை அடியில் இருக்கும் ஃபில்டர் பக்கம் போயிருக்கலாம், அதையும் தாண்டினால் பம்ப்பின் இறக்கையில் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கே இயந்திரத்தின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஃபில்டரைக் கழற்றி அந்தக் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். ரேக் வர நாளாகலாம், அதுவரை தேடாமல் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இனி வாங்குவது. பலர் தடுமாறுவது இங்கேதான். கதவைத் திறந்தால் அதன் பக்கவாட்டு விளிம்பிலோ மேல் விளிம்பிலோ, சில இயந்திரங்களில் தொட்டியின் வாய்ப்பகுதியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் நம்பரை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகோ இடைவெளி விட்டோ வரும் ஓரிரு எண்களையும் எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஒரே மாடலைப் பின்னாளில் தயாரித்தபோது ரேக்கை மாற்றியிருக்கலாம், அந்த வித்தியாசம் அந்தக் கடைசி எண்ணில்தான் தெரியும். வாங்கப் போகும் ரேக் இந்த முழு நம்பருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ‘60 செ.மீ. இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளி அகலம் ஒன்றாக இருந்தாலும் வீலுக்கு வீல் இடைவெளி மாறும், ரேக்கின் அடிப்பகுதி ஒரு விரற்கடை தாழ்வாக இருந்தாலே கீழே சுற்றிச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்ம் அதில் இடித்து நின்றுவிடும். அதனால் மாடல் நம்பர் பொருந்தினாலும் பழைய ரேக்கின் நீளம், அகலம், தரையிலிருந்து அடிக்கம்பி வரைக்குமான உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ரேக்கோடு என்னென்ன வருகிறது என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். சிலவற்றில் வீல் இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பிக் கூடு மட்டும் வரும், ஸ்பூன் போடும் கூடை பெரும்பாலும் தனி. வராதவற்றைப் பழைய ரேக்கிலிருந்து கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். எட்டு வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி ஒடியும், கழற்றும் முன் அந்தப் பகுதியைச் சூடான தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலைதான். கீழ் ரேக்கைத் திறந்த கதவின் மேல் உருட்டி வெளியே இழுத்துத் தூக்கினால் வந்துவிடும், புதியதை அதே இடத்தில் வைத்து உள்ளே தள்ளினால் முடிந்தது. தள்ளும் முன் துருத்தூளைத் துடைத்து எடுங்கள், ஸ்ப்ரே ஆர்மின் ஓட்டைகளில் அடைப்பு இருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். ரேக் உள்ளே போன பிறகு ஆர்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயும் உரசக் கூடாது. கதவை அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் ரேக் சரியாக உட்காரவில்லை, இல்லாவிட்டால் அது உங்கள் இயந்திரத்தின் ரேக்கே இல்லை.

அப்புறம் மேல் ரேக். வீல் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள், செலவில்லாதது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிற ரேக் என்றால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பாரமெல்லாம் ஒரு மூலைக்குப் போய் வீல் பிதுங்கிக்கொண்டு வரும். சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீலைப் பிடித்திருக்கும் கொக்கி ஒடிந்திருக்கிறது என்றால், வீல் தனியாகவே கிடைக்கும், மற்ற வீல்கள் நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. வீலைத் தாங்கும் கம்பியே துருப்பிடித்து இளைத்திருந்தால் மட்டும் ரேக்கை மாற்றுங்கள்.

மேல் ரேக்கை வெளியே எடுக்க இரண்டு பக்க ரெயிலின் முன் முனையிலும் ஒரு தடுப்பு இருக்கும். சிலவற்றில் அதை வெளிப்பக்கமாகத் திருப்பினால் திறக்கும், சிலவற்றில் அழுத்தி இழுத்தால் கையோடு வரும், சிலவற்றில் ஸ்க்ரூ இருக்கும். வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், தடுப்பு உடைந்தால் பாத்திரத்தோடு ரேக்கை இழுக்கும்போது மொத்தமும் தரைக்கு வரும்.

திரும்ப மாட்டும்போது கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் பின்பக்கம். பல இயந்திரங்களில் மேல் ஸ்ப்ரே ஆர்மும் அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் ரேக்கோடு சேர்ந்தே இருக்கும், ரேக்கை முழுக்க உள்ளே தள்ளும்போது அந்தக் குழாயின் வாய் தொட்டியின் பின்சுவரில் இருக்கும் துளையில் போய்ப் பொருந்த வேண்டும். அது கொஞ்சம் விலகினாலும் மேலே தண்ணீர் சரியாக ஏறாது, பாத்திரம் அழுக்காகவே இருக்கும். நிறைய பேர் இந்த நிலையில் பம்ப் போய்விட்டது என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். பாத்திரம் வைக்காமல் ஒருமுறை மெதுவாகத் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிய ரேக்கில் கனமான பாத்திரத்தை நிமிர்ந்த கம்பிகளின் மேல் சாய்க்க வேண்டாம், கத்தியை அதன் நுனி ரேக்கின் பூச்சில் குத்தும்படி செருக வேண்டாம். தண்ணீரை மென்மையாக்க உப்புப் போடுகிற இயந்திரம் என்றால் சிந்திய உப்பைத் துடைத்துவிட்டு உடனே ஒரு கழுவல் ஓடவிடுங்கள், உப்பு தங்கினால் துரு சீக்கிரம் வரும். பழைய ரேக்கைத் தூக்கிப் போடும் முன் அதில் நன்றாக இருக்கும் வீல்களையும் கிளிப்புகளையும் கழற்றி ஒரு பையில் போட்டு, மாடல் நம்பரையும் அதன் மேல் எழுதி வையுங்கள்.